உண்ணிக்கோல் நாற்காலி: எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு எழுதுகிறேன்

வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கி வாசலில் வைத்ததும் அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், கையால் தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். "ஏங்கண்ணு, இது உண்ணிமுள்ளுக் கோலாட்ட இருக்குது?" ஆமாம் என்றேன். எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வேலியோரம் அதை வெட்டி வெட்டிக் கையே ஓஞ்சு போச்சு எங்களுக்கெல்லாம். ஆராச்சும் சும்மா அள்ளீட்டுப் போனாப் போதும்னு கெடந்தோம். நீ காசு குடுத்து வாங்கீட்டு வந்திருக்கற."

அம்மா பிறந்தது அந்தியூருக்கு மேற்கே, பர்கூர் மலையடிவாரத்தில். அவருக்கு உண்ணிச்செடி (ஆங்கிலத்தில் லாண்டனா) என்றால் எதிரி. நமக்கோ அது சின்ன வயதில் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சிய செடி, கறுப்புப் பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டிய செடி. அந்தச் செடியில் செய்த, கை வைத்த நாற்காலி இரண்டு, ஒரு டீப்பாய், ஒரு பழக்கூடை வாங்கினேன். நாற்காலி ஒன்று 3,200 ரூபாய், டீப்பாய் 1,800, கூடை 350. வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இது.

எங்கே வாங்கினேன் என்றால், கர்நாடகப் பக்கம் இருக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சோளகர் என்ற மலைப் பழங்குடியினர் இருக்கும் ஒரு ஊரில், ரோட்டை ஒட்டிய பட்டறை. தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. பட்டறையின் பெயரை எழுதவில்லை. கீழே குறைகளையும் சொல்லப்போகிறேன், நாலைந்து குடும்பம் பிழைக்கிற இடம், என் புலம்பலால் அவர்களுக்கு ஒரு ஆர்டர் குறைந்தாலும் எனக்கு மனசு கேட்காது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தேடாமலேயே கண்ணில் படும்.

முதலில் பொருளைப் பற்றி. பிரம்பு நாற்காலி மாதிரிதான் தூரத்தில் தெரியும், கிட்டே வந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிரம்பில் கணுக்கள் தள்ளித்தள்ளி இருக்கும், தண்டு வழுவழுவென்று ஓடும். உண்ணிக்கோலில் நாலைந்து விரற்கடைக்கு ஒரு கணு, கணுவுக்குக் கணு லேசாகக் கோணிக்கொண்டுதான் போகும், ஒரு கோல் மாதிரி இன்னொரு கோல் இருக்காது. சட்டத்துக்குக் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான கோல், உட்காரும் இடத்துக்குப் பென்சில் கனத்தில், சேரும் இடங்களில் சின்ன ஆணி அடித்து அதன்மேல் கிழித்த கோலை இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். நிறம் டிகாஷன் நிறம், அதுவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கைப்பிடி ஒரே கோலை வளைத்துச் செய்தது, அந்த வளைவில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது. இந்த நாற்காலியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அந்த வளைவு எப்படி வருகிறது என்பதை நின்று பார்த்தேன். பழைய தார் டிரம்மை நிமிர்த்தி வைத்து, அதில் முக்கால் அளவு தண்ணீர், கீழே தீ, எரிப்பதும் உண்ணிக்கோல் கழிவுதான். கட்டுக்கட்டாகக் கோல்களை நிற்கவைத்து இரண்டு மணி நேரம் போல வேகவைக்கிறார்கள். வெந்த கோலை எடுத்ததும் பட்டை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் தோல் மாதிரி கழன்று வருகிறது. சூடு ஆறுவதற்குள் பலகையில் அடித்திருக்கும் முளைகளுக்கு நடுவே கொடுத்து வளைத்துக் கட்டிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் வளையாது, முறியும். பட்டறை முழுக்க அந்த வாடை, உண்ணி இலையைக் கசக்கினால் வருமே, அதை நூறு மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி அடைத்த மண்பாதை) ஞாபகம் வந்தது. என் மனைவிக்குத் தலைவலி வந்தது.

இந்தக் கோலில் பூச்சி துளைக்காது, கரையான் ஏறாது என்று சொல்லி விற்கிறார்கள். எட்டு மாதத்தில் என் அனுபவத்தில் உண்மைதான், இத்தனைக்கும் எங்கள் வீட்டில் கரையான் தின்னாத நிலைப்படியே கிடையாது. காரணம் செடியின் நஞ்சு. மாடு இந்த இலையைத் தின்றால் கல்லீரல் கெட்டுப்போகும், அப்புறம் வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும், வெள்ளைத் தோல் உள்ள இடத்தில் இன்னும் மோசம். பர்கூர் மாடுகள் செவலையில் வெள்ளைத் திட்டுத்திட்டாக இருக்கும், அந்தத் திட்டுகள் மட்டும் வெந்து நின்ற கிடாரி ஒன்றைப் பற்றி அம்மா இன்றைக்கும் சொல்வார். பழகிய மாடு தொடாது. மேய வேறொன்றும் இல்லாத வருஷத்தில்தான் வாய் வைக்கும்.

சரி, இந்தச் செடி இங்கே எப்படி வந்தது என்ற கதை தெரியாமல் இந்த நாற்காலியை விமர்சனம் செய்ய முடியாது, ஏனென்றால் விற்பவர்கள் விற்பதே அந்தக் கதையைத்தான். உண்ணிச்செடி நம்முடையது கிடையாது. தென், மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. 1600களில் ஐரோப்பியர்கள் அங்கிருந்து கொண்டுபோய்த் தங்கள் தோட்டங்களில் வளர்த்தார்கள், ஒன்றோடொன்று கலந்து புதுப்புது நிறங்களை உண்டாக்கினார்கள். அழகு, அவ்வளவுதான் காரணம். ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஜாவும் சேர்ந்து இருக்குமே, மொட்டு விரிந்த புதுசில் மஞ்சள், வயதானதும் நிறம் மாறிவிடும், அதற்கு மயங்காதவர் யார். 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து துரைமார் பங்களா, கண்டோன்மெண்ட் வேலி, காப்பித் தோட்டத்து ஓரம். வேலிக்கு நல்ல செடி, ஆடு மாடு தின்னாது என்று பார்த்து வைத்தவர்கள், பழத்தைக் கொண்டைக்குருவி தின்னும் என்பதை யோசிக்கவில்லை. குருவிக்கு வேலி ஏது?

200 வருஷம் கழித்து 2020இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது: இந்தியாவில் புலிகள் நடமாடும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர், உண்ணிச்செடி புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். பங்களா வாசலுக்கு நிறம் வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டதற்கு இவ்வளவு. வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இருந்திருக்காது, அதை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது.

பட்டறையில் கோல் வளைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். "முன்னெல்லாம் ஒரு ஃபர்லாங்கு தள்ளி ஆனை நின்னாத் தெரியும் சாமி. நாம பாத்து ஒதுங்கிப் போயிருவோம், அதும் நம்மளப் பாத்து ஒதுங்கும். இப்ப பத்தடியில நிக்குது, ரெண்டு பேருக்கும் தெரிய மாட்டேங்குது." யானைக்கும் மனிதனுக்கும் மோதல் என்று செய்தியில் படிக்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. புதர் ஆள் உயரத்துக்கு மேல் அடைத்து நிற்கிறது, அடியில் புல் முளைப்பதில்லை, புல் இல்லாத யானை எங்கே போகும், கீழே கரும்பும் மக்காச்சோளமும் போட்டு வைத்திருக்கிறோம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் புதுசு. சோளகர்கள் தை, மாசி வாக்கில், காடு முழுசாகக் காய்வதற்கு முன்னால், தரையில் கிடக்கும் சருகுக்கு லேசாகத் தீ வைப்பார்கள். "தரகு பெங்கி" என்று பெயர், சருகுத் தீ. முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது, பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. உண்ணி ஒழியும் (மாட்டின்மேல் ஏறும் உண்ணியைச் சொல்கிறேன், குழம்ப வேண்டாம்), தடம் தெளியும், மழைக்குப் புதுப் புல் வரும், நெல்லி மரத்தைப் பிடித்திருக்கும் புல்லுருவியும் அடங்கும். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பக்கத்து பிலிகிரி ரங்கன் மலை 1974இல் சரணாலயம் ஆனது, தீ வைப்பது குற்றம் என்றாகிவிட்டது, காட்டுக்குள் சிதறி இருந்தவர்களை ரோட்டோரக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், சந்தேகமே இல்லை. அந்த மலையில் ஆராய்ச்சியாளர்கள் 1997இல் குறித்து வைத்த இடங்களில் 41 சதவீதத்தில்தான் உண்ணிச்செடி இருந்தது, அதே இடங்களை 2008இல் போய்ப் பார்த்தால் 81 சதவீதத்தில் இருந்தது. பதினோரு வருஷம்.

தீயை நிறுத்தியதால்தான் இவ்வளவும் என்று பெரியவர் சொல்கிறார். நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் பெரிய மரங்களை வெட்டி வெளிச்சம் விட்டது, மூங்கில் எடுத்தது, ரோடு போட்டது என்று காட்டைக் கிளறிய எல்லாமே இந்தச் செடிக்குச் சாதகம். ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். இப்போது திரும்பவும் தீ வைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. அன்றைக்கு அடியில் புல் இருந்தது, இன்றைக்கு ஆள் உயர உண்ணிப்புதர் காய்ந்து நிற்கிறது, அதில் பற்றினால் மர உச்சிக்கு ஏறும், எரிந்து முடிந்ததும் முதலில் துளிர்ப்பதும் உண்ணியாகவே இருக்கும். 2011இல் அந்த மலைச் சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. உரிமை வந்தது, பழைய காடு வரவில்லை.

கூடை பின்னும் கைக்கு மூங்கில் கிடைப்பது குறைந்தபோதுதான் இந்த உண்ணிக்கோல் வேலை வந்தது. 2000களில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் மாதேஸ்வரன் மலைப் பக்கம் பயிற்சி கொடுத்தது. பெரியவரின் மகன் முன்பு வருஷத்தில் பாதி நாள் குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலிக்குப் போய்விடுவாராம், இப்போது போவதில்லை. என் டீப்பாயைச் செய்தது அவர்தான். அவருக்குப் பத்து வயதில் ஒரு பெண், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து நேராகப் பட்டறைக்குள் புத்தகப்பையைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் கொடுத்த 3,200இல் ஒரு பங்கு அந்தக் காட்சிக்குப் போனதென்றால் எனக்குச் சம்மதம்.

இனி குறைகள்.

இருபது நாளில் தருகிறோம் என்றார்கள், ஐம்பத்திரண்டு நாள் ஆனது. மழையால் காட்டுக்குள் போக முடியவில்லை, அப்புறம் கோல் எடுக்க வனத்துறை அனுமதி தாமதம், அப்புறம் திருவிழா. காரணங்கள் எல்லாம் நியாயம்தான், ஆனால் நாமாகப் போன் செய்தால்தான் தெரிகிறது, அவர்களாக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மலையில் டவர் கிடைப்பதும் அருமை. பொங்கலுக்குள் வந்துவிடும் என்று நம்பி பழைய நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு, வந்த விருந்தாளிகளைப் பாயில் உட்காரவைத்தேன்.

வந்த மூன்றாவது வாரம், வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு ஆணி தலையை நீட்டியது. கோல் முழுசாக உலராமல் அடித்திருக்கிறார்கள், உலர்ந்து சுருங்கியதும் ஆணி வெளியே வந்துவிட்டது. என் மனைவியின் சேலை மாட்டி ஒரு சாண் கிழிந்தது. "காட்டைக் காப்பாத்தறது இருக்கட்டும், என் சீலையை யாரு காப்பாத்தறது?" பதில் சொல்ல முடியவில்லை. வாங்குகிறவர்கள் முதல் வேலையாகக் கையை மெதுவாக எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஓட்டுங்கள், சின்னச் சுத்தியலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாற்காலிக்கு ஒரு கால் அரை அங்குலம் கட்டை. ஆடுகிறது. சொன்னதற்குக் கொண்டுவாங்க சரிசெய்து தருகிறோம் என்றார்கள். ஈரோட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியுமா? உள்ளூர் ஆசாரி நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போட்டு, கட்டைக் காலுக்கு மட்டும் கனமாகப் போட்டு, எண்பது ரூபாயில் முடித்துவிட்டார். போகும்போது நாற்காலியைத் திருப்பிப் பார்த்து, "பின்னல் நல்ல கை சார், ஆனா மட்டம் பாக்கல" என்றார். சரியான தீர்ப்பு.

மழைக்காலத்தில் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. வெயிலில் இரண்டு நாள் போட்டுத் துடைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் ஒரு கை பூசினேன், பட்டறையிலும் அதைத்தான் பூசுகிறார்கள், அதற்குப் பிறகு வரவில்லை. பூசிய ஒரு வாரம் வாடை இருக்கும், கையுறை போடாமல் தொட்டால் தோல் வெந்துவிடும், கவனம். வார்னிஷ் அடித்ததுதான் வேண்டும் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பின்னலுக்குள் தூசு சேர்கிறது, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால்தான் தட்டி எடுக்க முடியும். பையன் போட்ட ஒரு ரூபாய்க் காசு உள்ளேயே இருக்கிறது, ஆட்டினால் சத்தம் வரும், விட்டுவிட்டோம்.

உட்கார எப்படி என்றால், ஒரு மணி நேரம் வரை அருமை, அதற்குமேல் கணுக்கள் தொடையில் தெரியும், மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். சாய்மானம் நல்ல கோணம், பேப்பர் படிக்கத் தோதானது, லேப்டாப் வேலைக்குச் சரிவராது. தொண்ணூறு கிலோ மாமனார் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தார், ஒரு முனகல்கூட இல்லை. பழக்கூடை பரவாயில்லை ரகம், வாய் விளிம்பில் சிலாம்பு கையைக் குத்துகிறது. டீப்பாயை வாங்காதீர்கள், பின்னலின் மேல் டம்ளர் நேராக நிற்காது, நான் மேலே ஒரு கண்ணாடி வெட்டிப் போட்டேன், அது தனி 650 ரூபாய்.

அசல் பிரம்பு நாற்காலி இதே அளவுக்கு எங்கள் ஊர்க் கடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை சொன்னார்கள், அதைச் செய்ய எங்கோ ஒரு காட்டில் பிரம்பை வெட்டித்தான் ஆகவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி விலையைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் கால் பிளந்த பிளாஸ்டிக் நாற்காலி நாலு கிடக்கின்றன, பழைய இரும்புக்காரர்கூட எடுக்க மாட்டேன் என்கிறார், அவற்றை என்ன செய்வது என்று ஐந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்ணிக்கோல் நாற்காலி உடைந்தால் வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.

இப்போது அந்த அட்டையைப் பற்றி. நாற்காலியில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதில் இருந்ததன் சாரம்: நீங்கள் வாங்கும் ஒவ்வொரு நாற்காலியும் காட்டைக் காப்பாற்றுகிறது. படிக்க இனிப்பாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், ஒரு நாற்காலிக்கு ஒரு தலைச்சுமைக் கோல் போதும் என்று பெரியவரே சொன்னார். அதுவும் முற்றிய, நேரான கோலாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள், இளசையும் கோணலையும் விட்டுவிடுவார்கள். தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டை நாலாகத் துளிர்க்கும், முருங்கையைக் கவாத்து செய்கிற மாதிரிதான். இந்தச் செடியை ஒழிக்க வேண்டுமென்றால் தரைக்குக் கொஞ்சம் கீழே தோண்டி வேர்க்கட்டையை வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும், டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு சொல்லிக்கொடுத்த முறை அது. அதோடும் முடிவதில்லை, விழுந்து கிடக்கும் விதை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும், வருஷக்கணக்கில் நாற்றைப் பிடுங்க வேண்டும், இடத்தில் உள்ளூர்ப் புல்லைக் கொண்டுவர வேண்டும். என் இரண்டு நாற்காலிக்காக ஒரு அடி நிலம்கூட உண்ணி இல்லாமல் ஆகியிருக்காது. காட்டுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் வாங்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். நல்ல நாற்காலி, கூலி மலையிலேயே தங்குகிறது, இதற்காக வேறொரு மரம் சாகவில்லை, இந்த மூன்று காரணம் போதும். அட்டையில் அதை எழுதலாம், யாரும் வாங்காமல் இருக்க மாட்டார்கள்.

என் நண்பர் ஒருவர் வேறு மாதிரி பயந்தார்: விற்பனை சூடுபிடித்தால் செடியை ஒழிக்க யாருக்கும் மனசு வராதே, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் கரிமூட்டத் தொழில் ஆகிவிட்டதைப் போல. சீமைக்கருவேலம் விஷயத்தில் அவர் பயம் நியாயம், அதுவும் விறகுக்கு ஆகட்டும் என்று நாமே விதைத்ததுதான். உண்ணிக்கு அந்தக் கவலை வேண்டாம், தமிழ்நாடே ஆளுக்கு ஒரு சோபா வாங்கினாலும் தீராது. பெரிய அளவில் எடுக்க வேண்டுமென்றால் அரசாங்கம்தான் இறங்க வேண்டும். தமிழ்நாடு 2022இல் அந்நியக் களைச்செடிகளுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, முதுமலையில் மண்டிய மஞ்சள்பூ சென்னா மரங்களை அரசின் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பத் தொடங்கினார்கள். அந்த மரத்தைப் பக்கத்து வயநாட்டில் 1980களில் கொண்டுவந்து நட்டது யார் தெரியுமா? வனத்துறையேதான். நிழலுக்கும் அழகுக்கும்.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பு. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் இதே கோலில் நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள், ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் உண்மையாக நடமாடும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. 2021இல் ஒரு கூட்டம் லண்டன் பூங்காக்களில் போய் நின்றது, 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின, நியூயார்க் தெருவில் நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி ஐரோப்பா சுற்றி இந்தியா வந்து, யானைக்குப் புல் இல்லாமல் செய்து, கடைசியில் யானையாகவே ஊர் திரும்பியிருக்கிறது.

என் மதிப்பெண்: நாற்காலிக்கு ஐந்துக்கு மூன்றரை. ஆணியும் மட்டமும் சரியாக இருந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். டீப்பாய்க்கு ஒன்றரை. கூடைக்கு மூன்று. வாங்குபவர்கள் நேரில் போங்கள், உட்கார்ந்து பாருங்கள், நாலு காலும் தரையில் படுகிறதா என்று சிமெண்ட் தரையில் வைத்துப் பாருங்கள் (பட்டறையில் இருப்பது மண் தரை, அதில் எல்லாமே நிற்கும்), கோல் உலர்ந்துவிட்டதா என்று கேளுங்கள், வண்டி உங்களுடையதாக இருக்கட்டும், அவர்கள் அனுப்பினால் ஒன்றுக்கு 500 ரூபாய் ஆகிறது. மழைக்காலத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள். பேரம் பேசாதீர்கள், நான் பேசினேன், 200 ரூபாய் குறைத்தார்கள், வண்டியில் வரும்போது முழுக்க அதே நினைப்பாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு புதுப் பூந்தொட்டி இருப்பதைப் பார்த்தேன். குட்டைச் செடி, குடை மாதிரி மஞ்சள் கொத்து. நர்சரியில் அறுபது ரூபாய் என்று மனைவி வாங்கி வந்திருக்கிறார், நல்லா பூக்கும், தண்ணி அவ்வளவா வேண்டாம், ஆடு வாய் வைக்காது என்று கடைக்காரர் சொன்னாராம். இலையைக் கசக்கி மோந்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.